வீட்டு இணையத்தைச் சரிசெய்த ஐந்து வாரங்கள்

அந்தச் செய்தி வந்து மூன்று நாள் ஆன பிறகுதான் என் கண்ணில் பட்டது. சின்னவனின் டேபைச் சார்ஜில் போடப் போனேன். அவன் விளையாடும் கட்டட விளையாட்டின் அரட்டைப் பெட்டி மூடாமல் கிடந்தது. "சூப்பரா கட்டுற. உனக்கு என்ன வயசு?" என்று யாரோ கேட்டிருக்கிறார். இவன் "9" என்று பதில் போட்டிருக்கிறான். அடுத்து வந்தது இது: "இங்க பாதி வார்த்தை மறைஞ்சு போகுது. வேற ஆப்ல பேசலாம் வா. உனக்கு ஒரு கிஃப்ட் வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாத."

அதற்கு இவன் பதில் எழுதவில்லை. அது வரைக்கும் நிம்மதி. ஆனால் அந்தச் சில வரிகளை மறுபடி படித்தபோது கை சில்லிட்டது. பாராட்டு, வயது, வேறு இடத்துக்கு அழைப்பு, பரிசு, ரகசியம். பிள்ளைகளை வசப்படுத்த வருகிறவர்கள் நடக்கும் வழி அதே வரிசையில் அங்கே இருந்தது. விளையாட்டுக்குள் இருக்கும் அரட்டையை வடிகட்டவும் கண்காணிக்கவும் ஏதோ ஏற்பாடு உண்டு. அதனால்தான் பிள்ளையை அங்கிருந்து வெளியே கூட்டிப்போவது அவர்களுக்கு முதல் வேலை.

பதற்றத்தில் அந்த ஆளை உடனே பிளாக் செய்தேன். அது தப்பு. பிளாக் செய்த நொடியே அந்த உரையாடல் முழுதும் திரையிலிருந்து போய்விட்டது. புகார்ப் படிவம் அந்த ஆளின் பயனர் பெயரைக் கேட்டது. என்னிடம் இல்லை. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், அதில் பயனர் பெயரும் நேரமும் தெரிய வேண்டும், பிறகு புகார், கடைசியில்தான் பிளாக். இந்த வரிசையை இப்போது வீட்டில் எல்லோரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம்.

நெட்வொர்க் பராமரிப்பது என் வேலை. அதனால் என் கை நேரே ரௌட்டருக்குப் போனது. பக்கத்தில் உட்கார்ந்து "ஏன்டா கண்ணா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் வந்து சேர நான்கு வாரம் ஆனது. நடுவில் என்ன செய்தேன், எது நின்றது, எது உடைந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சில மணி நேரமாவது மிச்சமாகும்.

முதல் சனிக்கிழமை: வீட்டில் என்னென்ன இருக்கிறது

ரௌட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதினேன்: இணையத்தில் சேரும் கருவிகள் ஆறு. ரௌட்டரின் பட்டியலில் பதினொன்று இருந்தன. டிவியையும் பிரிண்டரையும் நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மேஜை இழுப்பறையில் கிடந்த என் பழைய ஃபோனும் பட்டியலில் இருந்தது. சின்னவன் பாட்டுக் கேட்க எடுத்துக்கொள்வான் என்று தெரியும். அதில் இன்னும் என் கணக்குதான் திறந்திருக்கிறது, திரைப்பூட்டு கிடையாது, எந்த வயதுக் கட்டுப்பாடும் கிடையாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. புது டேபுக்கு ஆயிரம் யோசித்த எனக்கு இந்தப் பழைய ஃபோன் நினைவுக்கே வரவில்லை. அன்றே அதை முழுதாக அழித்து, வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோனேன். பல வீடுகளில் ஓட்டை இப்படிப்பட்ட ஒரு கருவியாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

மீதி இரண்டு பெயர்கள் யாருடையவை என்றே புரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ நம் வைஃபையில் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் போராடிய பிறகு தெரிந்தது, இரண்டும் பெரியவளின் ஃபோன். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் ஃபோன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை, அதாவது ரௌட்டர் கருவியை அடையாளம் காணும் எண்ணை, காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புது முகவரியை உருவாக்கிக் காட்டுகின்றன. எங்கள் ரௌட்டரில் இரண்டு அலைவரிசைக்கு இரண்டு பெயர், விருந்தினர் இணைப்புக்கு ஒரு பெயர். ஆக அவளுடைய ஒரே ஃபோன் மூன்று ஃபோனாகத் தெரிந்தது. பொது இடங்களில் நம்மைப் பின்தொடர விடாமல் தடுக்கும் நல்ல வசதி அது. ஆனால் 'இந்தக் கருவிக்கு இரவு பத்து மணிக்கு இணையம் நிறுத்து' என்று ரௌட்டரில் விதி எழுதினால், அது மூன்றில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்தோம். வெளியே அது அப்படியே இருக்கட்டும்.

டிஎன்எஸ் வடிகட்டி

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் கருவி முதலில் ஒரு சர்வரிடம் 'இதன் எண் முகவரி என்ன?' என்று கேட்கும். டிஎன்எஸ் என்பது அந்தச் சர்வர்தான். அது சரியான எண்ணைத் தராவிட்டால் பக்கம் திறக்காது. இந்தச் சின்ன உண்மையை வைத்துத்தான் குடும்ப வடிகட்டிகள் பலவும் இயங்குகின்றன. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் இதற்கென்று இலவசச் சேவை தொடங்கியது. 1.1.1.1 என்பது வடிகட்டாத முகவரி. 1.1.1.2 தீங்கு நிரல் பரப்பும் தளங்களைத் தடுக்கும். 1.1.1.3 அதோடு வயதுவந்தோருக்கான தளங்களையும் தடுக்கும். ரௌட்டரில் ஓர் இடத்தில் மாற்றினால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிக்கும் பொருந்தும்.

ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். அரை நாள் போனது. முதல் கோளாறு: இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் இணைய நிறுவனத்தின் பழைய முகவரியை அப்படியே விட்டிருந்தேன். முதலாவது செத்தால் மட்டும் உதவும் மாற்று ஏற்பாடு என்று பலரும் அதை நினைக்கிறோம். கருவிகள் அப்படிக் காத்திருப்பதில்லை. எது கைக்கு வருகிறதோ அதைக் கேட்கும். வடிகட்டி சில நேரம் வேலை செய்தது, சில நேரம் செய்யவில்லை. இரண்டாவது கட்டத்தில் 1.1.1.3-இன் மாற்று முகவரியான 1.0.0.3 போட்டதும் அது சரியானது.

அப்புறமும் ஃபோன்களில் மட்டும் ஓட்டை. இதற்குக் காரணம் ஐபிவி6, அதாவது இணைய எண் முகவரியின் புதிய வகை. ரௌட்டர் அதற்குத் தனியாக ஒரு டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஃபோன்கள் அதைத்தான் விரும்பின. அந்தப் பக்கத்தில் அதே சேவையின் ஐபிவி6 முகவரிகளை 2606:4700:4700::1113 என்றும் 2606:4700:4700::1003 என்றும் போட்ட பிறகுதான் எல்லாக் கருவியும் ஒரே பதிலைத் தந்தன. வடிகட்டி போட்டவர்கள் இந்த இரண்டையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் மட்டும் சோதித்துவிட்டு எழுந்து போகாதீர்கள், ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் தேடல் படங்கள். தேடல் பக்கத்தில் தெரியும் சிறு படங்கள் தேடல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்தே வருகின்றன. டிஎன்எஸ்ஸுக்கு அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. அதற்குப் பாதுகாப்புத் தேடலை வலுக்கட்டாயமாக இயக்க வேண்டும். கூகுள் அதற்கென்றே 216.239.38.120 என்ற முகவரியை வைத்திருக்கிறது. கூகுளைத் தேடும் எல்லாக் கேள்வியையும் அங்கே திருப்பிவிட்டால், பாதுகாப்புத் தேடலை அணைக்க முடியாது. என் ரௌட்டரில் அப்படித் திருப்பும் வசதி இல்லை. எனவே அலமாரியில் சும்மா இருந்த ராஸ்பெர்ரி பை 3 என்ற கையடக்கக் கணினியை எடுத்து, அதில் பை-ஹோல் என்ற டிஎன்எஸ் வடிகட்டி மென்பொருளை ஏற்றி, அதை வீட்டின் டிஎன்எஸ் சர்வராக்கினேன். கூடவே இணையத்தில் கிடைத்த ஒரு பெரிய தடைப் பட்டியலையும் சேர்த்தேன். அந்தப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

பெரியவளின் ஃபோனில் மொபைல் டேட்டா உண்டு. வீட்டு வைஃபையை விட்டு வெளியே போனால் ரௌட்டர் வடிகட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் வடிகட்டிச் சேவையின் பெயரைப் போட்டுவிட்டால் எந்த இணைப்பிலும் வேலை செய்யும். போட்டேன். "இதை நீ நினைச்சா அணைக்கலாம்" என்று அவளிடமே சொன்னேன். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். பிரைவேட் டிஎன்எஸ் போகும் வழியான 853-ஆம் போர்ட்டை மூடுவது, பிரவுசருக்குள் இருக்கும் மறைகுறியாக்கப்பட்ட டிஎன்எஸ்ஸைத் துரத்துவது என்று மேலே மேலே போக எனக்கு வழி தெரியும். வேண்டாம் என்று நிறுத்தினேன். அந்தப் போட்டியில் பிள்ளை அடுத்து எடுப்பது யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஓர் இலவச விபிஎன் ஆப்பாக இருக்கும். அவளுடைய போக்குவரத்து முழுதும் முன்பின் தெரியாத ஒருவர் வழியாகப் போகும். ஒன்பது வயதுக்காரன் தவறிப்போய் எதையாவது பார்த்துவிடாமல் இருப்பதற்கு வடிகட்டி உதவும். பதினான்கு வயதில் முடிவெடுக்கத் தொடங்கிவிட்டவளைப் பூட்டி வைக்க அது உதவாது.

அன்றிரவு எல்லாம் சரியாக ஓடியது. படுத்த பிறகுதான் தோன்றியது. சின்னவனுக்கு வந்த அந்தச் செய்தி, இத்தனை வேலைக்குப் பிறகும் எந்தத் தடையும் இல்லாமல் வந்திருக்கும். வடிகட்டிக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும். உள்ளே யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது.

பதிவேடு

பை-ஹோலில் ஒரு பக்கம் இருக்கிறது. எந்தக் கருவி, எந்த நேரத்தில், எந்தத் தளத்தைக் கேட்டது, கிடைத்ததா தடுக்கப்பட்டதா என்று வரி வரியாக வரும். அலுவலகத்தில் தினமும் பார்க்கும் மாதிரியான பட்டியல்தான். ஒரு இரவு பதினொரு மணிக்கு, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத் திறந்தேன். சிவப்பில் நான்கு வரி. நான்கும் பெரியவளின் ஃபோன். பிரைவேட் டிஎன்எஸ்ஸை அவள் அணைத்திருக்கிறாள், அதனால்தான் கேள்விகள் பை-ஹோலுக்கு வந்திருக்கின்றன. நான்கும் ஒரே தளம். வளரிளம் பருவத்துப் பெண்களின் உடல்நலம் பற்றி மருத்துவர்கள் எழுதும் தளம். அடுத்த நிமிடம் அதே மாதிரி இன்னொரு தளம், அதுவும் சிவப்பு. அதற்குப் பிறகு அவள் ஃபோனிலிருந்து எந்தக் கேள்வியும் இல்லை.

அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை தன் உடம்பைப் பற்றி எதையோ தெரிந்துகொள்ளப் போயிருக்கிறாள். நம்பத்தகுந்த இடத்துக்குத்தான் போயிருக்கிறாள். நான் வைத்த தடை 'இது நீ பார்க்கக் கூடாதது' என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறது, அதுவும் ஒரு முறை இரண்டு முறை இல்லை, ஐந்து முறை.

தடுத்தது நான் மேலதிகமாகச் சேர்த்த அந்தப் பெரிய பட்டியல். லட்சக்கணக்கான பெயர்கள் உள்ள பட்டியலில் எது ஏன் இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. பெரிய நிறுவனங்களுக்கும் இது நடக்கிறது. மேலே சொன்ன 1.1.1.3 சேவையே தொடங்கிய அன்றைக்கு, மாற்றுப் பாலினத்தவருக்கும் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கும் தகவலும் ஆதரவும் தரும் தளங்களைத் தவறாகத் தடுத்துவிட்டு, நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. வீட்டில் வடிகட்டி போடுகிறவர் தானாகப் போய் இதைத் தேடிப் பார்க்காவிட்டால் தெரியவே வராது. தடுக்கப்பட்ட பிள்ளை வந்து கேட்காது. கேட்கக் கூடாததைத் தேடிவிட்டோம் என்று நினைத்து ஒதுங்கிவிடும்.

காலையில் அவளிடம் சொன்னேன். "நேத்து ராத்திரி நீ தேடினது தப்பில்ல. தப்பு என் லிஸ்ட்ல. எடுத்துட்டேன்."

அவள் முகம் சிவந்தது. தளம் திறந்த சந்தோஷம் அதில் துளியும் இல்லை. "அப்போ நான் என்ன தேடுறேன்னு எல்லாமே உனக்குத் தெரியுமாம்மா?"

இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, பதிவேட்டை முழுதாகக் காட்டினேன். மறைத்து வைத்து அவளே ஒரு நாள் கண்டுபிடிப்பதைவிட இது மேல் என்று தோன்றியது. பை-ஹோலில் தனியுரிமை நிலை என்று 0 முதல் 3 வரை ஓர் அமைப்பு உண்டு. 0 எல்லாவற்றையும் காட்டும். 1 தளப் பெயர்களை மறைக்கும். 2 எந்தக் கருவி என்பதையும் மறைக்கும். 3-இல் மொத்த எண்ணிக்கை மட்டும்தான் மிஞ்சும். "எது வேணும்னு நீயே போடு" என்றேன். அவள் 3-ஐத் தொட்டாள். பழைய பதிவுகளை நான் அழித்தேன்.

1989-இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு குழந்தையின் தனியுரிமையைப் பற்றியது. அடுத்த 17-ஆம் பிரிவு, தகவலைப் பெறும் உரிமை. ஒரே இரவில் இரண்டையும் நான் மீறியிருக்கிறேன், அதுவும் பாதுகாப்பு என்ற பெயரில். இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று என் கணவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் கேள்விகளை அம்மா படிக்கிறாள் என்று தெரிந்த பெண், நாளைக்கு உண்மையான ஆபத்து வந்தால் அதே அம்மாவிடம் வருவாள் என்று எப்படி எதிர்பார்ப்பது?

மூன்றாம் வாரம்: பை எழவில்லை

மின்சாரம் போய் வந்தது. ரௌட்டர் எழுந்தது, பை எழவில்லை. பச்சை விளக்கு ஒரு முறை கண்ணடித்து நின்றுவிட்டது. வீட்டில் எல்லாக் கருவிக்கும் டிஎன்எஸ் அந்தப் பைதான். வைஃபை முழுக்கோடு காட்டுகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. நாலு பக்கமிருந்தும் "நெட் இல்ல" என்று குரல். மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். கோப்பு முறைமை சிதைந்திருந்தது. சரிசெய்யும் கட்டளையை ஓட்டினால் பாதியில் நிற்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் இந்தச் சிறிய கார்டுகளுக்கு இப்படி ஆகும்.

புது கார்டு போட்டு மறுபடி ஏற்ற இரண்டு மணி நேரம் போதும். செய்யவில்லை. நான் ஊரில் இல்லாத நாளில் இது செத்தால் வீட்டில் யாராலும் சரிசெய்ய முடியாது. உடனே யாராவது ரௌட்டரின் ரீசெட் பொத்தானை அழுத்துவார்கள், எல்லா அமைப்பும் போகும். பாகம் குறைந்தால் கோளாறும் குறையும். கிளீன்பிரௌசிங் என்ற சேவையின் குடும்ப வடிகட்டி, 185.228.168.168 மற்றும் 185.228.169.168, பாதுகாப்புத் தேடலையும் தானே கட்டாயமாக்குகிறது. ரௌட்டரில் நேராக அதையே போட்டேன், ஐபிவி6 பக்கத்திலும் மறக்காமல். அமைப்புகளை ஒரு தாளில் எழுதி ரௌட்டரின் அடியில் ஒட்டினேன். பை மறுபடி அலமாரிக்குப் போனது. அதன் பதிவேடும் அதோடு போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

நான்காம் வாரம்: விளையாட்டுக் கணக்கு

இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். சின்னவனை மடியருகில் உட்கார வைத்துக்கொண்டு அவன் கணக்கின் அமைப்புகளைத் திறந்தேன். அரட்டையை நண்பர்களோடு மட்டும் என்று மாற்றப் பார்த்தால், குழந்தைகளுக்கான எந்தப் பொத்தானும் கண்ணில் படவில்லை. கணக்கின் விவரப் பக்கத்துக்குப் போனேன். பிறந்த ஆண்டைப் பார்த்ததும் புரிந்தது. அந்தக் கணக்கின்படி இவனுக்கு 21 வயது.

போட்டது நான்தான். இரண்டு வருடம் முன்பு, 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் மின்னஞ்சல், ஒப்புதல் என்று ஏதேதோ கேட்டது. அவசரத்தில் ஏதோ ஓர் ஆண்டைத் தட்டிவிட்டேன். அந்த 13 என்ற எண் அமெரிக்காவில் 1998-இல் இயற்றிய குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டத்திலிருந்து வருவது. உலகம் முழுக்க உள்ள பல சேவைகள் அதையே வாசலாக வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே என்று சொன்னால் அரட்டை மூடியிருக்கும், அந்நியர்களின் அழைப்பு வராது, விளம்பரம் வேறு மாதிரி இருக்கும். வயதைக் கூட்டிப் போட்டால் இவை எதுவும் இல்லாமல், பெரியவனாக நடத்தும். மூன்று வாரமாக வெளிவாசலுக்குப் பூட்டு மேல் பூட்டாகப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்வாசலை நானே திறந்து வைத்திருந்தேன்.

வயதைக் குறைக்கப் பயனரால் முடியாது. உதவிக்குழுவுக்கு எழுதி, பெற்றோர் என்று நிரூபித்து, நான்கு நாள் காத்திருந்து மாற்றினோம். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும், பிள்ளையின் ஒவ்வொரு கணக்கிலும் பிறந்த தேதி என்னவாக இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அந்த நான்கு நாளில் அவனுடைய நண்பர் பட்டியலைச் சேர்ந்து பார்த்தோம். 61 பேர். அழிக்கும் உரிமை அவனுக்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"இவன் யாரு?"

"அது என் கிளாஸ்ல இருக்கானே, அவன்."

"இவன்?"

"இவனை எனக்கு நல்லாத் தெரியும்மா."

"எப்படித் தெரியும்? நேர்ல பாத்திருக்கியா?"

"இல்ல. நேத்து எனக்கு ஒரு வாள் குடுத்தான்."

"எதுக்குக் குடுத்தான்?"

யோசித்தான். விரல் திரைமேலேயே நின்றது. "தெரியல. சும்மாதான்."

ஒரு காசும் கேட்காமல் வந்த வாள். ஒன்பது வயதுக்காரனுக்கு அது நட்பின் அத்தாட்சி. நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த பெயருக்குப் போனோம். பத்துப் பதினைந்து பெயர் கழிந்த பிறகு அவனே ஒரு விதி கண்டுபிடித்தான். குரலை நேரில் கேட்டிருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் போகலாம். 61 பேரில் எட்டுப் பேர் மிஞ்சினார்கள். வாள் கொடுத்தவனை அழிக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினான்.

"இவங்க எல்லாம் கெட்டவங்களாம்மா?"

"இல்லடா. நிறையப் பேர் உன்னை மாதிரி பசங்களாத்தான் இருப்பாங்க. யாருன்னு நமக்குத் தெரியல, அவ்வளவுதான்."

சரி என்று தலையாட்டினான். அப்போதுதான், மிகச் சாதாரணமாக, அந்தக் கேள்வியைக் கேட்டேன். அன்னைக்கு ஒருத்தர் வேற ஆப்புக்குக் கூப்பிட்டாரே, ஏன் எங்கிட்ட சொல்லல?

"சொன்னா நீ டேபைப் புடுங்கிடுவ."

"நான் எப்ப புடுங்கினேன்?"

"அந்தப் பேய் வீடியோ வந்தப்ப."

ஞாபகம் வந்தது. போன வருடம். ஏதோ ஒரு கார்ட்டூனுக்கு அடுத்ததாகத் தானாக ஓடிய பயங்கரமான வீடியோ. அழுதுகொண்டே தூக்கிவந்து என்னிடம் காட்டினான். நான் "இனிமே ஒரு வாரம் டேப் கிடையாது" என்று வாங்கி வைத்துவிட்டேன். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தேன். அவன் அதில் கற்றுக்கொண்டது வேறு. பயந்தால் அம்மாவிடம் காட்டக் கூடாது, காட்டினால் இருப்பதும் போகும்.

ரௌட்டரில் தேடிய கோளாறு இங்கே இருந்தது.

தாளில் எழுதியது

அன்று மாலையே ஒரு தாளில் எழுதி டேபின் உறைக்குள் ஒட்டினேன்: 'வந்து சொன்னதற்காக டேப் போகாது. நீயே தப்பு செய்திருந்தாலும் போகாது.' கீழே கையெழுத்துப் போட்டேன். எட்டிப் பார்த்த பெரியவள், "என் ஃபோனுக்கும் எழுதிக் குடு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். நேர அளவு, இரவு பத்து மணிக்கு மேல் ஃபோன் கூடத்தில் சார்ஜில் இருப்பது, இவையெல்லாம் பழையபடி உண்டு. அவை வேறு, இது வேறு என்று இருவருக்கும் பிரித்துச் சொன்னேன்.

பெரியவளோடு ஓர் ஒத்திகை செய்தோம். தன் வயதுப் பெண்ணாகவோ பையனாகவோ நடித்து ஒருவர் பழகுகிறார், அந்தரங்கப் படம் கேட்கிறார், கிடைத்ததும் 'பணம் தா, இல்லாவிட்டால் உன் நண்பர் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அனுப்புவேன்' என்கிறார். பையன்களுக்கும் இது நிறைய நடக்கிறது. மிரட்டல் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் முற்றிவிடும். பிள்ளை தனியாக, நள்ளிரவில், யோசிக்க அவகாசம் இல்லாமல் இருக்கும்போதுதான் அது வேலை செய்கிறது. அதனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைப்பது அவசியம். பணம் தரக் கூடாது, தந்தால் அடுத்த கோரிக்கை வரும். இன்னொரு படமும் அனுப்பக் கூடாது. உரையாடலை அழிக்கக் கூடாது, அதுதான் சான்று. மிரட்டல் வரிகளையும் அந்தக் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். அந்தரங்கப் படத்தை மட்டும் யாரும், பெற்றோரும்கூட, நகலெடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. சிறார் படம் என்பதால் பல நாடுகளில் அதைப் பகிர்வதே குற்றம். பிறகு பதில் போடுவதை நிறுத்திவிட்டு, சேவைக்கும் காவல்துறைக்கும் புகார்.

'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை இருப்பதையும் காட்டினேன். காணாமல்போன, சுரண்டலுக்கு உள்ளான குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 2023-இல் தொடங்கியது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நம் கருவியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாகும், அந்தக் கைரேகை மட்டும் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தேடி நீக்க முடியும். "படத்தை யாரும் பார்க்க மாட்டாங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். அந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு மிகப் பெரிய பயம் அதுதானே.

அப்புறம் அவள் என்னைக் கேட்டாள். "நீ போட்ட என் ஃபோட்டோவெல்லாம்?" என் கணக்கில் அவள் கைக்குழந்தையாக இருந்தது முதல் உள்ள படங்கள். பிறந்தநாள் தேதி, பள்ளிச் சின்னம் தெரியும் சீருடை, வீட்டு வாசல். அவளிடம் ஒரு முறையும் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எது இருக்கலாம், எது போக வேண்டும் என்று அவள் சொன்னாள். பெரும்பாலானவை போயின.

ஐந்தாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை. லேப்டாப்பில் ஏதோ வேலையாக இருந்தேன். சின்னவன் டேபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "அம்மா, ஒருத்தர் எங்க இருக்கன்னு கேக்குறாரு." கணக்கு மாறிய பிறகு அரட்டை மூடியிருக்கிறது. இது வேறு ஒரு வரைபட ஆப்பின் கருத்துப் பெட்டி. அப்படி ஒன்று அதில் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஸ்கிரீன்ஷாட் அவனே எடுத்தான். பயனர் பெயர் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தான். புகார்ப் படிவத்தை நான் நிரப்பினேன், கடைசியில் பிளாக் பொத்தானை அவன் அழுத்தினான். மொத்தம் ஆறு நிமிடம். முடிந்ததும் டேபை அவன் கையில் கொடுத்தேன்.

அவன் வாங்கிக்கொண்டு உடனே நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்குல்ல?"

"இருக்குடா, போ."